மணலில் யார் வண்டி இறங்கலாம்? எங்கள் கரைக்கு முன்னே நான்கு வழிகள்

பிப்ரவரி மாதத்து விடியற்காலை ஒன்றில், சென்னையின் கொட்டிவாக்கம் கரையில், ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமையின் தடம் ஒன்றைப் பார்த்தோம். கடலிலிருந்து மேட்டு மணலுக்கு ஏறி, முட்டையிட்டு, மறுபடி கடலுக்கே இறங்கிய தடம். பழகாத கண்ணுக்கு அது சிறிய டிராக்டர் ஒன்று போய்வந்த சுவடு போலத் தெரியும். அன்று அதன் குறுக்கே உண்மையான டயர் சுவடுகளும் இருந்தன. இரவில் யாரோ காரை மணலில் இறக்கி இரண்டு வட்டம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆமை மணலைக் கிளறி மூடிய இடத்தின் மேலேயே சக்கரம் ஏறியிருந்தது. முட்டைக்குழியைக் கண்டுபிடிக்கும் முறை எளிது: குச்சியை மெல்ல இறக்கிப் பார்த்தால், தோண்டி மூடிய இடத்தில் மணல் இளகிக் கொடுக்கும். அன்று நசுங்கி இறுகிய மணல் எங்கே குத்தினாலும் ஒரே மாதிரி எதிர்த்தது. வெயில் ஏறும் வரை தேடினோம். கிடைக்கவில்லை.

அந்தத் தடத்தைப் பற்றிய பேச்சில் தொடங்கி, தெருமுனையிலிருந்து மணலுக்கு இறங்கும் சரிவை என்ன செய்வது என்று எங்கள் பகுதியில் பெரிய விவாதம் நடக்கிறது. குடியிருப்போர் சங்கமும் மீனவக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்து, அதை மாநகராட்சியிடம் எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன. இருக்கிற சட்டமே போதும், எச்சரிக்கைப் பலகை ஒன்று வைத்தால் சரி என்பது ஒன்று. கல்தூண் நட்டு எந்த வண்டியும் இறங்காதபடி அடைத்துவிட வேண்டும் என்பது இரண்டாவது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்காக அனுமதிக்கலாம், ஊருக்கு வருமானமும் கிடைக்கும் என்பது மூன்றாவது. தொழிலுக்கும் அவசரத்துக்கும் மட்டும் ஒரே தடத்தில் அனுமதி, ஆமைப் பருவத்தில் கூடுதல் கட்டுப்பாடு என்பது நான்காவது.

நான் நான்காவதன் பக்கம். அங்கே வந்து சேர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. நடுவில் இரண்டாவது யோசனைக்காகத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எதனால் மனம் மாறினேன் என்பதைப் பேச்சுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வந்தால் நல்லது என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

சட்டம் இருக்கிறது, இரவில் ஆள் இல்லை

கரையில் வண்டி ஓட்டக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று, ஜீப் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருமுறை கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரே இடத்தில் எழுதியிருக்கவில்லை, பல சட்டங்களில் பிரிந்து கிடக்கிறது என்றேன்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ‘பொது இடம்’ என்று சொல்வது தார்ச்சாலையோடு நிற்பதில்லை. பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எந்த இடமும் அதில் அடங்கும். ஆகவே மணலில் ஓட்டினாலும் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு எல்லாம் வேண்டும். பதிவெண் இல்லாத நான்கு சக்கர மணல் வண்டிகளைப் பொதுக் கரையில் வாடகைக்கு விடுவது இதனாலேயே குற்றம். ஆபத்தாக ஓட்டினால் 184ஆம் பிரிவு: முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பந்தயம் விடுவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம், வெறும் மணல்தானே, ஓட்டிப் பழகட்டும் என்று சாவியைக் கொடுக்கும் பெற்றோர் எங்கள் தெருவிலும் உண்டு. அந்தப் பிள்ளை குற்றம் ஏதும் செய்ய நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும்.

அடுத்தது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பங்குனி ஆமை அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது; புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. ‘வேட்டை’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். முதல் அட்டவணை உயிர்களுக்கு எதிரான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. மேலும் 2019ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஆமைகள் முட்டையிடும் கரைகளையும் மணல்மேடுகளையும் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் வகைக்குள் வைத்திருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, அப்படியானால் நான் தினமும் பார்க்கிற வண்டிகளெல்லாம் எப்படி இறங்குகின்றன என்று கேட்டார். சரியான கேள்வி. இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை சேதம் நடந்த பிறகு வந்து சேர்கின்றன. முட்டை நசுங்கியதை நிரூபிக்க முதலில் முட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்களால் அன்று அதுவே முடியவில்லை. இரவு ஒரு மணிக்கு மணலில் இறங்கும் காரின் எண்ணைக் குறித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை. கோவாவில் கடற்கரைகளில் வண்டி ஓட்டத் தடை வெளிப்படையாகவே இருக்கிறது. இருந்தும் சுற்றுலா வந்தவர்களின் கார் அலையில் சிக்கியதும் வழக்குப் பதிவானதும் அவ்வப்போது செய்தியாகின்றன. பலகை வைத்தால் பலகையைப் படிக்கிறவர்கள் இறங்க மாட்டார்கள். அவர்கள் ஏற்கனவே இறங்குவதில்லை. முதல் யோசனையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சீட்டு வாங்கிக்கொண்டு ஓட்டும் கரைகள்

மூன்றாவது யோசனையை நம் தெருவில் பலர் ஆதரிக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தின் முழப்பிலங்காடு கரைக்குப் போய்வந்தவர்கள். நானும் போயிருக்கிறேன். அங்கே கட்டணம் செலுத்தி, காரை நேராக மணலில் இறக்கி, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தூரம் கடலை ஒட்டியே ஓட்டலாம். குழந்தைகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கூவுகிறார்கள், தூரத்தில் தர்மடம் தீவின் தென்னைகள் தெரிகின்றன. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீடு திரும்பியதும், நம் ஊரில் ஏன் முடியாது என்று எனக்கும் தோன்றியது.

ஏன் முடியாது என்பதற்கு விடை மணலிலேயே இருக்கிறது. முழப்பிலங்காட்டில் மணல் மிக நுண்ணியது. ஈரத்தில் இறுகிச் சிமென்டுத் தரைபோல ஆகிவிடுகிறது. கரையின் சரிவு மிகக் குறைவு. அலையின் வேகத்தைக் கடலுக்குள் கிடக்கும் பாறைகள் முன்னாலேயே தணித்துவிடுகின்றன. நீர் வற்றும் நேரத்தில் அகலமான ஈர மணல் வெளி திறந்து கிடக்கும். வண்டிகள் ஓடுவது அந்த வெளியில். அடுத்த ஏற்றத்தில் கடல் வந்து சுவடுகளை அழித்துவிடுகிறது. அங்கே கடலே ஒரு சாலையைப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

நம் கடல் அப்படிப் போட்டுத் தரவில்லை. சென்னையில் கடல்நீர் ஏற்ற இறக்கத்தின் வித்தியாசம் பெரிய ஏற்ற நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவுதான். மணல் பருமனானது, கரை செங்குத்தாகச் சரிகிறது. கொட்டிவாக்கத்திலோ பாலவாக்கத்திலோ நீர் விளிம்பில் இறுகிய மணல் சில எட்டுகள் அகலமே இருக்கும். அதற்குள் ஒரு கார் போனால் அடுத்த பெரிய அலை சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஓட்டுபவர் தானாகவே மேட்டுக்கு, உலர்ந்த மணலுக்கு ஏற்றிவிடுவார். அந்த உலர்ந்த மணலில்தான் எல்லாம் இருக்கிறது: படகுகள், காயும் வலைகள், மீன் ஏலம் நடக்கும் இடம், இராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும் பிடித்து நிறுத்தியிருக்கும் சிறு மேடுகள், ஏற்றம் எட்டாத உயரம் பார்த்து ஆமை தோண்டும் குழி. முழப்பிலங்காட்டில் வண்டிக்கும் உயிர்களுக்கும் இடையே அகலம் இருக்கிறது. இங்கே இரண்டுக்கும் இருப்பது ஒரே பட்டை.

மெரினாவின் அகலத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. அந்த மணல்வெளி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டியதன் விளைவாகச் சேர்ந்தது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்தியது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. நம் பகுதிக்கு அந்தச் சேமிப்பு கிடைக்கவில்லை.

கட்டண அனுமதியை ஒழுங்காக நடத்த என்னவெல்லாம் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டேடோனா கரை நல்ல உதாரணம். 1935இல் மால்கம் கேம்பெல் மணிக்கு 276 மைல் வேகத்தில் காரோட்டிச் சாதனை படைத்த அளவுக்கு இறுகிய மணல் அது. அங்கும் ஆமைகள் வருகின்றன. 1995இல் ஆமைகளின் பெயரிலேயே வழக்குத் தொடுக்கப்பட்டது. அதன் பிறகு, அந்தக் கரை இருக்கும் வொலூஷியா மாவட்ட நிர்வாகம் மத்திய அரசிடம் தனி அனுமதி பெற்றே கரையில் வண்டிகளை விடுகிறது. இப்போது அங்கே வேக வரம்பு மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். மணல்மேட்டை ஒட்டிய பட்டையில் சக்கரம் படக் கூடாது என்று கம்பம் நட்டிருக்கிறார்கள். மே முதல் அக்டோபர் வரையிலான ஆமைப் பருவத்தில் காலை எட்டு மணிக்குத்தான் வாயில் திறக்கும், மாலை ஏழு மணிக்கு மூடிவிடும். ஒவ்வொரு காலையும் ஊழியர்கள் கரை முழுவதும் நடந்து புதிய குழிகளைத் தேடி வேலியிட்ட பிறகே வண்டிகள் நுழையும். குஞ்சுகள் வெளிவரும் காலம் நெருங்கினால், குழிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள டயர் பள்ளங்களைச் சீவி மூடுகிறார்கள்.

இந்தக் கடைசி வேலை ஏன் என்று கேட்கலாம். முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சின் நீளம் நான்கு சென்டிமீட்டர் அளவுதான். உலர் மணலில் ஒரு ஜீப் விட்டுச் செல்லும் பள்ளம் அதற்கு ஒரு கால்வாய். கடலைப் பார்த்து ஓடிவரும் குஞ்சு அதில் விழுந்தால் ஏற முடியாமல் பள்ளத்தின் போக்கிலேயே போகிறது, கடலை அடையாமல். விடிந்ததும் காகமும் நாயும் வந்துவிடும்.

நமது சீட்டு யோசனையில் இந்த வேலைகளைச் செய்யப் போவது யார்? யோசனையை எழுதியவர்கள் வருமானத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள், காலையில் நடக்கப் போகும் ஆட்களைக் கணக்கிடவில்லை. எனக்கு இன்னொரு அச்சமும் உண்டு. சீட்டு விற்கிற குத்தகைக்காரருக்கு வண்டிகள் கூடினால்தான் லாபம். இன்று இரவில் திருட்டுத்தனமாக மூன்று வண்டிகள் இறங்குகின்றன. நாளை பகலில் உரிமையோடு முந்நூறு இறங்கும். பணம் கட்டியவரிடம், இங்கே வலை காய்கிறது, ஒதுங்கிப் போங்கள் என்று ஒரு மீனவப் பெண் சொன்னால் அவர் கேட்பாரா?

சங்க காலத்து நெய்தல் பாட்டு ஒன்றில் தலைவனின் தேர் நிலா வெளிச்சத்தில் கடற்கரை வழியே வருகிறது. சக்கரத்தின் பக்கம் ஓடும் நண்டுகள் நசுங்கிவிடாதபடி பாகன் கடிவாளத்தை ஆய்ந்து பிடித்து ஓட்டுகிறான். காதலியைப் பார்க்கப் போகிற அவசரத்திலும் நண்டுக்காக ஒதுங்குகிற அந்தத் தேர், மணல் யாருடையது என்பதைத் தெரிந்து ஓட்டுகிற தேர். நம் கரையில் ஓட்டுவதற்கு ஒரு தகுதித் தேர்வு வைக்க வேண்டுமென்றால் அந்தப் பாகனைத்தான் தேர்வாளராகப் போடுவேன்.

மணலில் ஓட்டும் ஆசை தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசை உள்ளவர்கள் விடுமுறையில் முழப்பிலங்காட்டுக்கே போகட்டும். இரயிலில் தலச்சேரியிலோ கண்ணூரிலோ இறங்கி வாடகைக் காரும் எடுக்கலாம். கடல் சீறும் மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். சொந்த வண்டியானால் திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்; உப்பு இரும்பை விடாது.

அடைத்துவிட்டால் என்ன ஆகும்

இரண்டாவது யோசனைக்குத்தான் நான் கையெழுத்து வாங்கினேன். கல்தூண் நட்டுவிட்டால் காவல் வேண்டாம், கட்டணம் வேண்டாம், விவாதம் வேண்டாம் என்று தோன்றியது. காகிதத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கும் போனேன். ஊர்ப் பஞ்சாயத்தில் மூத்தவரான ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், முழுவதையும் படித்தார். கையெழுத்துப் போடவில்லை. “அம்மா, எங்கள் எஞ்சின் தோளில் பறந்தா வரும்?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு அவரோடு ஒரு காலை முழுவதும் கரையில் இருந்தேன். ஃபைபர் படகுக்கு மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறார்கள். எரிபொருள் கேன், ஐஸ் பெட்டி, நனைந்து கனத்த வலை, கரைக்கு வந்ததும் மீன் கூடைகள். இவையெல்லாம் சிறு சரக்கு வண்டியிலும் மீன்பாடி வண்டியிலும்தான் போய்வருகின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளையே மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அதற்கு டிராக்டர் வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்ததும், அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் வந்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று அந்தச் சரிவில் கல்தூண் நின்றிருந்தால் எத்தனை குடும்பங்களின் பிழைப்பு அலையோடு போயிருக்கும் என்பதை நான் கையெழுத்து வாங்கியபோது எண்ணிப் பார்க்கவில்லை.

குப்பத்தில் இன்னொரு நினைவும் ஆழமாக இருக்கிறது. சாந்தோம் பக்கம் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலை. மீனவர்கள் படகு நிறுத்தி மீன் விற்று வந்த கரையோரத்தில் சாலை வந்தது. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைத் தவிர்க்க வண்டிகள் அதற்குத் திரும்பின. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்து தடைபடுகிறது என்று தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. கடைகள் அகற்றப்பட்டன, மீனவர்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024இல் அங்கே 366 கடைகளுடன் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. நமக்கு அது நல்லபடியாக முடிந்த ஒரு செய்தி. குப்பத்தில் அந்தக் கதையை வேறு விதமாகச் சொல்கிறார்கள்: முதலில் வந்தவர்கள் நாங்கள், பிறகு வந்தது சாலை, கடைசியில் ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வாங்கியது நாங்கள். கல்தூணானாலும் சீட்டானாலும் மேல்தெருக்காரர்கள் கொண்டுவரும் எந்தக் காகிதத்தையும் அவர்கள் இந்த நினைவோடுதான் படிக்கிறார்கள். அதில் அவர்கள்மேல் தவறு இல்லை.

சங்கத்தில் ஒருவர் கேட்டார்: 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அவை வலையில் மாட்டிச் செத்தவைதானே, மீனவர்களுக்கே ஏன் சலுகை என்று. இழுவைமடி விசைப்படகின் வலையில் மூச்சுத் திணறிச் சாகும் ஆமைக்கும், நம் குப்பத்து ஃபைபர் படகுக்கும் முடிச்சுப் போடுவது நியாயம் ஆகாது. விசைப்படகுகள் காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து போகின்றன. இந்தக் கரையில் ஆமை ஏறியதைப் பார்த்து முதலில் தன்னார்வலர்களுக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள், விடியலுக்கு முன் கடலுக்குப் போகும் இந்த மீனவர்கள்தான். அன்று டயர் தடத்தை எங்களுக்குக் காட்டியதும் அவர்களில் ஒருவரே.

அடைப்புக்கு எதிரான மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலில் யாராவது மூழ்கினால் ஆம்புலன்ஸ் இறங்க வேண்டும். மாநகராட்சியின் மணல் சலிக்கும் எந்திரம் வரவேண்டும். காவல்துறையின் ரோந்து வண்டி போகவேண்டும். நிரந்தரக் கல்தூண் இவை எல்லாவற்றையும் தடுக்கும்.

ஒரே தடம்

நான்காவது யோசனையை நான் புரிந்துகொண்ட அளவில் விரித்து எழுதுகிறேன். இதில் பாதி, அண்ணன் சொன்னது.

சரிவிலிருந்து படகுகள் நிற்கும் இடம் வரை ஒரே ஒரு வண்டித் தடம். இரு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டிக் காட்டினால் போதும். இன்று சரக்கு வண்டிகள் அவரவர் படகுக்கு அருகே போக நினைத்து, மணல் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் போடுகின்றன. ஆமைக்கு ஆபத்தானது தடம் இருப்பதைவிடத் தடம் பரவிக் கிடப்பது. குப்பத்தார் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மணல் இறுகிய ஒரே வழி இருந்தால் வண்டி சிக்காது, அது தங்களுக்கும் நல்லது என்றார் அண்ணன்.

சரிவின் தலைப்பில் நிரந்தரத் தூணுக்குப் பதிலாகப் பூட்டிக் கழற்றக்கூடிய இரும்புத் தூண். எந்தெந்த வண்டிகள் இறங்கலாம் என்ற பட்டியலை ஊர்ப் பஞ்சாயத்தே தயாரித்து மாநகராட்சிக்குக் கொடுக்கும். வண்டிக்கு ஓர் அடையாள அட்டை, கட்டணம் கிடையாது. கட்டணம் வைத்தால் மறுநாளே, பணம் கட்டுகிறோம், எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்பவர்கள் வருவார்கள். அனுமதியின் அடிப்படை தொழில் என்பது மாறாமல் இருக்க வேண்டுமானால் அதில் பணம் புழங்கக் கூடாது.

பருவக் கட்டுப்பாடு எந்த மாதம் வரை என்பதில் சங்கத்தின் வரைவும் என் கருத்தும் வேறுபடுகின்றன. அவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை என்று எழுதியிருக்கிறார்கள். சென்னையில் பங்குனி ஆமைகள் ஜனவரியில் வரத் தொடங்கி ஏப்ரல் வரையிலும் ஏறுகின்றன. ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டைகள். அவை பொரிய 45 நாள், 50 நாள் என்று ஆகும். ஏப்ரல் கடைசியில் இட்ட முட்டையின் குஞ்சு ஜூன் நடுவில்தான் வெளிவரும். தன்னார்வலர்கள் கண்டெடுக்கும் முட்டைகள் பொரிப்பகத்துக்குப் போய்விடுகின்றன; எங்கள் கண்ணில் படாத குழியும் உண்டு, அன்று தேடிக் கிடைக்காமல் போன குழியைப்போல. ஆகவே ஜூன் 15 வரை என்று எழுத வேண்டும்.

அந்த மாதங்களில் இரவு எட்டு முதல் காலை ஆறு மணி வரை என்ன செய்வது என்பதே மிகச் சிக்கலான கேள்வி. மீனவர்கள் கடலுக்குப் போகும் நேரம் விடியலுக்கு வெகு முன்னால். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து குழிகளைத் தேடுவதும் அதே இரவில்தான். ஒரே இருட்டில் இரண்டு வேலை. இரவில் வண்டி இறங்கவே கூடாது என்று வரைவில் இருக்கிறது. அது நடக்காது. நடக்காத விதியை எழுதினால் ஒரே மாதத்தில் எல்லா விதியும் செத்துவிடும். தடத்துக்குள் மட்டும், நடை வேகத்தில், பெரிய விளக்கைப் போடாமல் என்று எழுதலாம். ஆமைக்குஞ்சு வெளிச்சம் அதிகமான திசையைக் கடல் என்று நம்பி ஓடும். முகப்பு விளக்கின் ஒரு வீச்சு போதும், அது சாலைப் பக்கம் திரும்பிவிட. எங்கள் வீடுகளின் மொட்டை மாடி விளக்குகளும் அதே தவற்றைச் செய்கின்றன என்பதை, மீனவர்களுக்கு விதி எழுதும் முன் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மாடி விளக்கை அணைப்பது நம் பக்கத்து நிபந்தனையாக அதே காகிதத்தில் இருக்கட்டும்.

சலிக்கும் எந்திரத்துக்கும் ஒரு வரி தேவை: ஆமைப் பருவத்தில் ஏற்றக் கோட்டுக்கு மேலே உள்ள பட்டையில் அது இறங்க வேண்டாம், அங்கே கையால் பொறுக்கலாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் நடக்க முடியாத முதியவர்களும் கடலைத் தொட வேண்டும் என்ற காரணத்தைச் சீட்டு யோசனைக்காரர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். உண்மையான தேவை அது. அதற்குக் காரை மணலில் இறக்குவது தேவையற்றது. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை திறந்தார்கள். சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதன் முனையைச் சிதைத்தது, பிறகு சீர்செய்தார்கள். பெசன்ட் நகரிலும் அப்படி ஒரு பாதை வந்தது. எங்கள் தெருவில் ஒரு பையன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவன் மெரினாவில் அலை தொட்ட அன்று அவன் அம்மா எனக்குத் தொலைபேசியில் ஐந்து நிமிடம் அழுதுகொண்டே பேசினார். நமக்கு மரப்பாதை கட்ட இடமும் வசதியும் இல்லை என்றால், சுருட்டி விரிக்கும் பாயும் அகலமான சக்கரமுள்ள மணல் நாற்காலி ஒன்றும் போதும். படகுத் தடத்துக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் ஒதுக்கக் கேட்போம். கட்டணச் சீட்டிலிருந்து வரப்போவதாகச் சொல்லும் பணம் இல்லாமலேயே சங்கத்தின் ஆண்டுச் சந்தாவில் ஒரு நாற்காலி வாங்க முடியும்.

இனி மிச்சம் இருப்பது சாவி. இரும்புத் தூணின் பூட்டுக்கு எத்தனை சாவி, யாரிடம் என்பதில்தான் கூட்டம் உடையும் என்று எனக்குத் தோன்றுகிறது. தீயணைப்புத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் ஒவ்வொன்று. அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. மூன்றாவது சாவியைச் சங்கம் கேட்கிறது. சரிவு எங்கள் தெருவில் இருக்கிறது என்பது காரணம். அந்தச் சாவி ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விடியலுக்கு முன் எழுந்து அதைத் திறக்க வேண்டிய தேவை அவர்களுக்குத்தான் உண்டு. சங்கத்திடம் இருந்தால், வெளியூரிலிருந்து விருந்தினர் வந்திருக்கிறார்கள், ஒரே ஒரு முறை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாராவது கேட்பார்கள். செயற்குழுவில் இருக்கிற நாங்கள் பதினொரு பேரில் முடியாது என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர் தேறவில்லை.